மகள், இரண்டாம் தடவை எழுதுவதா என்று கேட்டிருந்தாய்

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். 2024 உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் முதல் தடவையாக எழுதியிருக்கிறாய். உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் ‘பி’, பௌதிகவியலுக்கு ‘சி’. மட்டக்களப்பு மாவட்டத்தின் கடந்த ஆண்டு மருத்துவ வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டால் உன் இசட் புள்ளி ஏறத்தாழ 0.3 குறைவு. விவசாய பீடம் கிடைக்கும் போலத் தெரிகிறது. “இன்னொருக்கால் எழுது” என்கிறார் அம்மா, “கிடைத்ததை எடு” என்கிறார் அப்பா. தம்பி அடுத்த ஆண்டு சாதாரண தரம். “டீச்சர், நான் என்ன செய்வது?” என்று முடித்திருக்கிறாய்.

இருபத்தேழு ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் நான். ஒவ்வொரு பெறுபேறு வந்த பிறகும் இதே கேள்வியோடு பிள்ளைகள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். பெரும்பாலானோர் கேட்பது, “எனக்கும் வெட்டுப்புள்ளிக்கும் எவ்வளவு தூரம்?” என்பதுதான். நான் கேட்பது வேறு: உன் புள்ளிகள் எங்கே போயின? அதற்கு விடை தெரியாமல் மறுபடி எழுதுகிறவர்கள், போன வருடத்தையே திரும்ப ஒருமுறை வாழ்கிறார்கள். அதன் பெறுபேறும் பெரும்பாலும் போன வருடத்தினுடையதாகவே இருக்கும்.

அந்த 0.3 என்ன என்று முதலில் பார்ப்போம். இசட் புள்ளி நீ எடுத்த புள்ளி அல்ல. ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் உன் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து நிற்கின்றன என்பதைக் காட்டும் எண்ணால், வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து வருபவற்றின் சராசரிதான் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களோடு நிற்கும் அந்த எண். சராசரியில் 0.3 கூட வேண்டுமென்றால் மூன்று பாடங்களிலும் சேர்த்து 0.9 கூட வேண்டும். ஒரு பாடத்தின் நியம விலகல் 20 என்று கணக்குக்காக வைத்துக்கொள். அப்படியானால் உனக்கு மொத்தத்தில் 18 புள்ளிகள் தேவை, பாடத்துக்கு ஆறு. இடைவெளி 0.8 ஆக இருந்திருந்தால் 48 புள்ளிகள், பாடத்துக்குப் பதினாறு. இரண்டும் ஒரே கேள்வி அல்ல. 0.8 குறைவான பிள்ளை என்னிடம் வந்தால், மருத்துவத்தை மட்டும் நினைத்து எழுதாதே என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உனக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

இந்த 18 புள்ளிகளும் மூன்று பாடங்களிலும் சமமாக வரவேண்டியதில்லை. ‘சி’ என்றால் 55க்கும் 64க்கும் இடையில், ‘பி’ என்றால் 65க்கும் 74க்கும் இடையில். ஏற்கெனவே 70 எடுக்கும் பாடத்தில் இன்னும் ஆறு சேர்ப்பதைவிட, 57 எடுத்த பாடத்தில் பன்னிரண்டு சேர்ப்பது இலகு. உன் பிரச்சினை பௌதிகவியலாக இருக்கவே வாய்ப்புக் கூட. உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் பலருக்கும் அதுதான்.

முன்பு என்னிடம் படித்த, ஆரையம்பதியைச் சேர்ந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். முதல் தடவை பௌதிகவியலுக்கு, ‘சி’க்கும் கீழே, ‘எஸ்’ வந்தது. “எனக்கு பௌதிகவியல் விளங்குவதில்லை” என்று அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு விறாந்தையில் அவளை இருத்தி, பழைய பல்தேர்வு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். ஐம்பது கேள்வி, இரண்டு மணித்தியாலம். கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். மேசையில் கடிகாரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நேரம் முடிந்தபோது அவள் 37ஆவது கேள்வியில் நின்றாள். தாளின் ஓரம் முழுவதும் நீண்ட வகுத்தல்களும் பெருக்கல்களும். ஒரு இடத்தில் 9.8ஆல் வகுக்க வேண்டிய கணக்கைப் பத்தாக எடுத்திருந்தாலே விடை தெரிந்திருக்கும். அவளோ மூன்றாம் தசம தானம் வரை போயிருந்தாள். மிச்சமிருந்த பதின்மூன்று கேள்விகளையும் தேநீர் குடித்தபின் நேரக் கட்டுப்பாடில்லாமல் செய்யச் சொன்னேன். ஒன்பது சரி. அந்தப் பிள்ளைக்குப் பௌதிகவியல் தெரியும். கணிப்பானில்லாமல் கணக்குச் செய்யும் வேகம்தான் இல்லை, நேரத்தைப் பார்த்து ஒரு கேள்வியை விட்டுப் போகும் துணிவும் இல்லை. இன்னொரு டியூசன் வகுப்பு இதைத் தந்திருக்காது. அவள் வகுப்புகளைக் குறைத்தாள். வாரத்துக்கு இரண்டு வினாத்தாள், கடிகாரத்தோடு. இரண்டாம் தடவை பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குத் தெரிவானாள்.

இதற்கு நேர்மாறாக, களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பையன் ஒருவன். நல்ல கெட்டிக்காரன். முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஆசிரியர்கள் வைத்தான். காலையில் மட்டக்களப்பு, பின்னேரம் கல்முனை என்று நாளின் பாதி பஸ்ஸில் போனது. குறிப்புப் புத்தகங்கள் குவிந்தன. ஒரு முழு வினாத்தாளை இருந்து எழுதியது எத்தனை முறை என்று பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டேன். பதில் வரவில்லை. இரண்டாவது இசட் புள்ளி முதலாவதைவிடக் குறைந்தது. அவன் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவன் குறைந்த நித்திரையை நான் கண்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும், ஏனென்றால் நான் இன்னும் முந்திக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே முடிவெடுக்கும் முன் இதைச் செய். மூன்று பாடங்களிலும் நீ இதுவரை பார்க்காத ஒவ்வொரு வினாத்தாளை எடு. நேரம் பிடித்து எழுது. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்து நீயே திருத்து, இரக்கமில்லாமல். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடு: பாடமே தெரியாததால் போனது, தெரிந்தும் பிழைத்தது, நேரம் போதாமல் போனது. உயிரியல் அமைப்புக் கட்டுரையில், விடையைச் சுற்றி வந்து உரிய சொல்லை எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் இரண்டாவது வகை. திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளைப் பார்த்தால், எந்தக் கேள்வியில் நாடு முழுவதும் பிள்ளைகள் வழுக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். டியூசன் வகுப்புக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை அந்த அறிக்கைக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, மூன்றாவது வகைகள்தான் அதிகம் என்றால், எழுது. அவை ஆறு மாதத்தில் திருந்தக்கூடியவை. முதலாவது வகை அதிகமென்றால், எத்தனை அலகுகள் என்று எண்ணிப் பார். நான்கைந்து அலகென்றால் செய்யலாம். பாடத்திட்டத்தில் பாதியென்றால், இருக்கும் காலம் போதாது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அப்படி எழுதி வென்றவர்கள் மிகச் சிலர்.

காலத்தைச் சொன்னேன் அல்லவா, அதையும் கணக்கில் எடு. உன் பெறுபேறு 2025 ஏப்ரல் 26 அன்று வந்தது. அடுத்த பரீட்சை நவம்பர் 10 அன்று தொடங்குகிறது. இடையில் 28 வாரங்கள், அதில் ஒரு பகுதி அழுததிலும் யோசித்ததிலும் ஏற்கெனவே போய்விட்டது. “ஒரு வருடம் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மழையையும் மறக்காதே. பரீட்சை ஆகஸ்டில் நடந்த காலம் வேறு. இப்போது அது வடகீழ்ப் பருவமழைக்கு நடுவில் வந்து விழுகிறது. நீ எழுதிய பரீட்சையே நவம்பர் 25 அன்று தொடங்கி, வெள்ளத்தால் 27 முதல் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 அன்றுதான் தொடர்ந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்து, புத்தகங்களைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு, நான்கு நாள் ஒன்றும் படிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வெள்ளத்தைக் காரணமாக்கி விடாதே. அந்த மூன்று குறிகளையும் போட்டுப் பார்த்தால் வெள்ளம் எவ்வளவு எடுத்தது, வேறென்ன எடுத்தது என்று ஓரளவு பிடிபடும். இம்முறை எழுதுவதானால், நவம்பர் முதல் வாரமே வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், பரீட்சை நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் உறவினர் வீட்டை இப்போதே பேசி வை. வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு, ‘பாதை’ என்ற படகை நம்பிக் காத்திருந்த காலம் போய்விட்டது உண்மைதான். ஆனாலும் பாலத்துக்கு வந்து சேரும் வீதிகள் தண்ணீரில் நிற்கும் நாட்களை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி, பல்கலைக்கழக அனுமதி. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மிச்ச 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்கள் பதினாறுக்கும். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் உள்ளவை. அதனால்தான் மருத்துவத்துக்கு எங்கள் வெட்டுப்புள்ளி கொழும்பினுடையதைவிடக் குறைவாக இருப்பது வழமை. நீ போட்டியிடுவது பெரும்பாலும் உன் மாவட்டத்துப் பிள்ளைகளோடு. அதனால் மாவட்ட நிலையை நன்றாகப் பார். உனக்கு மேலே எத்தனை பேர் என்பதை அது நேரடியாகச் சொல்லும். இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. “மட்டக்களப்பிலேயே மருத்துவ பீடம் இருக்கிறதே, எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்காதா?” என்று உன் அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறாய். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் எங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் நாடு முழுவதிலிருந்தும் தெரிவு செய்கிறார்கள். அருகில் வீடு இருப்பது ஒரு புள்ளியையும் கூட்டாது.

நீ ஒப்பிட்டிருப்பது கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியோடு. உன் ஆண்டினுடையது இனித்தான் வரும். முதல் தெரிவுக்குப் பிறகு, வராதவர்களின் இடங்களுக்கு வெற்றிட நிரப்பல் நடக்கும். அப்போது எல்லை கொஞ்சம் கீழே இறங்கும். 0.3 இறங்காது, அதை எதிர்பார்க்காதே. ஆனால் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும்போது, “எனக்கு எங்கே கிடைக்கும்” என்று ஊகித்து எழுதாமல், உண்மையில் எது வேண்டுமோ அந்த வரிசையில் எழுது. மருத்துவத்துக்குக் கீழே பல் மருத்துவம், மிருக வைத்தியம், இயன் மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், சித்த மருத்துவம் என்று இருக்கின்றன. உன் கடிதத்தில் மருத்துவமும் விவசாயமும் மட்டும்தான் இருந்தன. இடையில் உள்ளவற்றை நீ பார்க்கவே இல்லையோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அனுப்பு, பரீட்சை விண்ணப்பத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அனுப்பு. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தெரிவு முடிந்து முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கப் பல மாதங்கள் போகின்றன. அந்தக் காத்திருப்புக் காலமே உன் படிப்புக் காலம். ஆகவே உண்மையான முடிவு இன்றைக்கு அல்ல. தெரிவுக் கடிதம் கையில் வந்து, பதிவு செய்வதா விடுவதா என்று நிற்கும் அந்தச் சில நாட்களில்தான் அது வரும்.

அந்த நாட்களில் கவனமாக இரு. ஓர் ஆண்டின் பெறுபேறு அந்த ஆண்டின் அனுமதிக்கு மட்டும்தான். இம்முறை கிடைத்த இடத்தை விட்டுவிட்டு எழுதி, புள்ளி குறைந்து போனால், பழைய பெறுபேற்றைக் காட்டி அந்த இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. மறுபுறம், பதிவு செய்துவிட்டு அடுத்த பெறுபேற்றில் வேறு பாடநெறிக்குத் தெரிவாவதற்கு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. அதன் மாணவர் கைநூலில் அந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசி. வகுப்பு வாசலில் கேட்ட கதையை நம்பி எதையும் செய்யாதே. பல்கலைக்கழக அனுமதிக்காக எழுதக்கூடியது மூன்று தடவைகள்தான். உனக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. ஆனால் இரண்டாவதை எழுதும்போதே “மூன்றாவதும் இருக்கிறதுதானே” என்று நினைக்கத் தொடங்கினால், இரண்டாவது போய்விட்டது என்று வைத்துக்கொள்.

விடைத்தாள் மீள்பரிசீலனை பற்றியும் கேட்டிருந்தாய். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், திகதி முடியும் முன் விண்ணப்பி. ஆனால் அதை நம்பிப் படிப்பை நிறுத்தி வைக்காதே.

இனி வீட்டைப் பற்றி. நீ இதை இரண்டு வரியில் கடந்து போயிருக்கிறாய். எனக்கோ உன் கடிதத்தில் மிகக் கனமாகத் தெரிந்த இடம் அதுதான்.

இரண்டாம் தடவை எழுதும் பிள்ளைக்குப் பாடசாலை இல்லை. மணியும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. சிலர் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள், சிலர் கொழும்புக்கு. ஆண் பிள்ளையென்றால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறான் என்பார்கள். பெண் பிள்ளையென்றால் “வீட்டில்தானே நிற்கிறாய்” என்பார்கள். காலைச் சமையல், தம்பியை வகுப்புக்கு அனுப்புவது, வயலுக்குச் சாப்பாடு கட்டுவது, பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு ஒத்தாசை. ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம்தான். மாலையில் கூட்டிப் பார்த்தால் நாள் போயிருக்கும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உன் அம்மாவும் ஓய்வெடுக்கிறவர் இல்லை. ஆனால் “இன்னொருக்கால் எழுது” என்று சொல்லும் அம்மா, எழுதுவதற்குரிய நாளையும் தரவேண்டும். அதை நீ கோபமில்லாமல் அவரிடம் கேட்க வேண்டும். காலை ஐந்திலிருந்து பதினொன்றுவரை என்னைக் கூப்பிட வேண்டாம், அதற்குப் பிறகு எதையும் செய்கிறேன் என்று சொல். வீட்டில் அது முடியாதென்றால், பக்கத்து வாசிகசாலை, பெரியம்மா வீடு, எங்கேயாவது ஓரிடம் பார். இப்படிப்பட்ட ஆறு மணித்தியாலம் ஒரு நாளில் கிடைக்காது என்பது உறுதியாகத் தெரிந்தால், பதிவு செய்துவிட்டு, கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் போவதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

அப்பா “கிடைத்ததை எடு” என்று சொல்வதைப் பயம் என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. பெரும்போக வேளாண்மை வெட்டிய காசில் உன் வகுப்புக் காசைக் கட்டியவர் அவர். அடுத்த வருடம் தம்பிக்கும் கட்ட வேண்டும். அது மட்டுமல்ல, விவசாய பீடத்தை இரண்டாம் தரமாக நினைக்காதவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது அந்த நிறுவனம். நெல்லும் மாடும் வாவியும் கடலும் உள்ள மண்ணில் விவசாயம் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? என் மாணவி ஒருத்தி அழுதுகொண்டே அங்கே சேர்ந்தாள். இப்போது நெற்பயிர் நோய்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள். என் தம்பியின் வயலில் நெற்பயிரின் தாள் மடிந்தபோது அவளைத்தான் கூப்பிட்டோம். குனிந்து ஒரு நெற்கதிரைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கீறி, உள்ளே இருந்த புழுவைக் காட்டினாள். அவள் முகத்தில் அப்போது நான் பார்த்தது ஏமாற்றம் அல்ல.

இதைச் சொல்வது உன்னை அந்தப் பக்கம் தள்ளுவதற்காக அல்ல. மருத்துவம் உனக்கு உண்மையில் வேண்டுமானால், 0.3 தூரத்தில் நிற்கும் பிள்ளை இன்னொரு தடவை எழுதுவது நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் அந்த ஆசை உன்னுடையதா, “டொக்டராகப் போகிறாள்” என்று எட்டாம் வகுப்பிலிருந்து ஊர் சொல்லிக்கொண்டு வந்த பேச்சினுடையதா என்பதை நீயே உன்னிடம் கேட்டுக்கொள். ஆசுபத்திரியில் இரவு வேலை செய்யும் ஒரு வைத்தியரிடமோ தாதியிடமோ போய் ஒரு மணித்தியாலம் கதைத்துப் பார். கதைத்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அது உன்னுடையது.

வருகிற ஞாயிறு காலையில் பௌதிகவியலோடு தொடங்கு. கடிகாரத்தை முன்னால் வை, தொலைபேசியை அம்மாவிடம் கொடு. அடுத்த இரண்டு நாட்களில் மற்ற இரண்டு பாடங்களையும் முடித்து, அந்த மூன்று குறிகளும் எத்தனை எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, திருத்திய விடைத்தாள்களோடு வீட்டுக்குக் கொண்டு வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, மகள். தாள்களை அவர் முன்னாலேயே விரித்து வைத்துப் பார்ப்போம்.